ரத்தம் ஏற்றும் வார்டில் பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு

பெயரைப் போட வேண்டாம் என்று நீங்களே சொன்னதால் அக்கா என்றே எழுதுகிறேன்.

மகளுக்குத் தலசீமியா, உடலில் போதுமான நல்ல ரத்தம் உருவாகாத பரம்பரை நோய். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், "யார் பக்கத்துக் கோளாறு?" என்று சொந்தக்காரர்கள் துருவியதைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதை நிறுத்திவிட்டேன்.

நல்லவேளை, நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பதையும், டம்ளரின் அடியில் தங்கியதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்கவைப்பதையும் உங்கள் மகனை வைத்தே காட்டினீர்கள். தாய் தகப்பன் இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும், அப்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு என்று என் மாமியாருக்குப் போனில் விளக்கினீர்கள். (டாக்டர் சொன்னபோது அவர் காதில் ஏறவில்லை!) அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போதெல்லாம் முந்தைய இரவே உங்கள் போன் வந்துவிடுகிறது: "ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்ததா? நீ சாப்பிட்டாயா?" இரண்டாவது கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்பதில்லை.

மிக்க நன்றி அக்கா. அடுத்த முறை எலுமிச்சை சாதம் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் சமைக்காதீர்கள்.