நடுகல்லைத் தொடும் பெண்ணைப் பற்றி

தருமபுரி

அன்புள்ள கண்ணு,

நாவலின் முதல் படியைப் படித்து முடித்தேன். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லைத் தொட்டால் அதில் நிற்பவனின் கடைசி நொடி கேட்கும் பெண்! இந்த மண்ணில் முளைத்த கற்பனை, விட்டுவிடாதே. பழிவாங்குவது, ஊர் ஒதுக்குவது, அவள் தன்னை ஏற்பது ஆகிய மூன்றும் இப்போது தனித்தனியாகக் கிடக்கின்றன. மூன்றையும் அவளுடைய அந்தக் கைதான் சுமக்க வேண்டும்.

முதலில் அண்ணன். இரண்டாம் பக்கத்திலேயே மாடு கவர வந்தவர்கள் அவனை வெட்டிவிடுகிறார்கள், அவள் சபதம் போடுகிறாள். அவன் யாரென்றே தெரியாத வாசகருக்கு அந்தச் சாவு ஒரு செய்திதான். அதற்கு முன் அவனுக்கு மூன்று காட்சி கொடு, மொத்தம் 2,500 சொல் போதும். ஒன்றில் அவளிடம் அவன் அநியாயமாக நடக்கட்டும். சண்டை தீராமல் செத்தவன்தான் உயிரோடிருப்பவரைத் தூங்கவிட மாட்டான்.

அவளுடைய சக்திக்கு வரம்பே இல்லை. கல்லைத் தொட்டதும் எல்லாம் தெரிந்துவிடுவதால் 12ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு மர்மம் செத்துப்போகிறது. கடைசி நொடி மட்டும், செத்தவன் கண்டதும் கேட்டதும் மட்டும், கை கல்லில் இருக்கும்வரை மட்டும் என்று வை. விலையும் வேண்டும்: தொட்ட அன்று இரவு அவளுக்குக் குரல் எழும்பக் கூடாது. உண்மை தெரிந்த இரவிலேயே அதைச் சொல்ல முடியாமல் போகும். கதை அங்கே தானாக நகரும்.

ஒதுக்குவதை வில்லனின் வசவில் வைத்திருக்கிறாய். வசவைக் கேட்டால் வாசகர் உடனே அவள் பக்கம் சாய்ந்து நிம்மதியாகிவிடுவார். பாசமுள்ள கிழவியிடம் வை. வீட்டாருக்கு வட்டிலில் களி, இவளுக்கு இலையில். தண்ணீரைச் சொம்பு கையில் படாமல் உயரத் தூக்கி ஊற்றட்டும். இரட்டைக் குவளையை அறிந்த நம்மவர்களுக்கு அதற்குமேல் ஒரு வரி விளக்கமும் தேவையில்லை. இன்னொன்று, இதைவிட முக்கியம்: அவளும் மலைக்காரர்களை அப்படியே நடத்த வேண்டும். பாதி நாவலுக்குள் மூன்று இடத்தில், தான் செய்வது என்னவென்று அவளுக்கே உறைக்காதபடி எழுது.

படகுப் பயணம் அழகுதான். இருந்தாலும் பாதியாக வெட்டு.

31ஆம் அத்தியாயத்தில் கிழவி "நீ நீயாகவே இரு" என்று பேசுவதை முழுக்க எடுத்துவிடு. அந்த இடத்தில் ஒரு செயல் வேண்டும். நம் பக்கத்துக் கற்களைப் பார்: மாடு மீட்டுச் செத்தவனுக்கும் கல் உண்டு, கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. அண்ணனைக் கொன்றவன் வேறொரு பூசலில் சாகட்டும். அவனுக்கும் கல் நடுவார்கள். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காட்சி (கல்லைத் தேடிக் காண்பது), கால்கோள் (அதை எடுத்து வருவது), நீர்ப்படை (நீராட்டுவது), நடுதல், பெரும்படை (நட்ட கல்லுக்குப் பெரிதாகச் சிறப்புச் செய்வது), வாழ்த்து என்ற ஆறு படிகளையும் கடைசிப் பகுதிக்கு முதுகெலும்பாக வை. காட்சியையும் கால்கோளையும் சுருக்கமாகச் சொல், பெரும்படையில் நின்று எழுது. கல்லில் என்ன பொறிப்பது என்று ஊர் அவளைத்தான் கேட்டாக வேண்டும், ஏனென்றால் வேறு யாருக்கும் அவனுடைய கடைசி நொடி கேட்காது. அவனைக் கோழை என்று பொறித்துவிட்டால் பழி தீர்ந்தது, கண்டுபிடிக்கவும் ஆளில்லை. இத்தனை நாள் துணியில் சுற்றி மறைத்த கையை ஊர் முன்னால் எடுத்து அவள் கல்லில் வைக்கிறாளா, வைத்தபின் என்ன சொல்கிறாள் என்பதில்தான் உன் மூன்று சரடும் முடிச்சு விழும். குரல் போகும் விதியை இங்கே மறந்துவிடாதே. இருட்டுவதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

எழுதும்முன் இங்குள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை வா. கையில் வில்லும் வாளும், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டி என்ற மூக்குவைத்த நீர்க்கலமும் சிமிழும் இருக்கும் கற்களைப் பார்த்துக் குறிப்பெடு. வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் உள்ள பொறிப்புகளின் வரிசையையும் கவனி: அரசனின் ஆட்சியாண்டு முதலில், செத்தவன் பெயர் பிறகு, "தொறு மீட்டுப் பட்டான்" (மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான்) என்பது போன்ற வாசகம் அதன்பின். உன் கல்வெட்டு இப்போது ஒன்பது வரி நீள்கிறது, மூன்றாகக் குறை.

19ஆம் அத்தியாயத்தில் கை வைக்காதே, நன்றாக வந்திருக்கிறது. அண்ணனின் மூன்று காட்சிகளை மட்டும் முதலில் எழுதி அச்செடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா