அம்மாவும் அப்பாவும் வராத கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 நெருங்கினால் பள்ளிகளிலும் நூலகங்களிலும் கட்டுரைப் போட்டி அறிவிப்புகள் வந்துவிடும். ‘மரம் வளர்ப்போம்’, ‘நீரின் அருமை’, ‘நான் முதலமைச்சரானால்’ ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் தலைப்பாக இருக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு மேற்கோள். அறுபது தாளைத் திருத்துகிறவருக்கு ஒரே தாளை அறுபது முறை படித்த களைப்பு வரும். அதன்பின், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையே இல்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பார்கள்.

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளை எழுதவைக்கும் வேலையில் இருக்கிற எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. தலைப்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதுதான் கோளாறு. ‘உன் இஷ்டத்துக்கு ஒரு கதை எழுது’ என்று விட்டாலும் அதே கோளாறுதான். பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’வில் போய் நிற்கும். சின்னதாக, வேடிக்கையாக ஒரு தடை போட்டுப் பாருங்கள். அந்தத் தடையைத் தாண்டுகிற மும்முரத்தில், எழுதுகிறோம் என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும்.

எங்கள் அனுபவத்தில் சீக்கிரம் பற்றிக்கொள்கிற விளையாட்டு, உதடு ஒட்டாமல் எழுதுவது. ப, ம இரண்டின் வரிசைகளும் கூடாது. ப், ம் என்ற புள்ளி எழுத்துகளும் சேர்த்தே. ஐந்து வரி, பத்து நிமிடம், அவ்வளவுதான் விதி. பெரியவர்கள் ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்று தொடங்கும் 341ஆம் குறளைச் சொல்லிப் பார்த்தால் சங்கதி புரிந்துவிடும். அதில் உதடு ஒட்டவே ஒட்டாது. நிரோட்டகம் என்று இலக்கணத்தில் இதற்குப் பெயர். முழு விதிப்படி உதடு குவிகிற எழுத்துகளையும் விலக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ப, ம போதும்.

விதியைச் சொல்லி முடித்த ஒரு நிமிடத்தில் கூச்சல் கிளம்பும். கதையில் அம்மா வர முடியாது. அப்பா, பாட்டி, மாமா, தம்பி, பாப்பா யாரும் வர முடியாது. தாத்தா, அக்கா, அண்ணன், அத்தை, சித்தி வரலாம். பூனைக்கு இடமில்லை, எலிக்கும் யானைக்கும் உண்டு. சாம்பாருக்குத் தடை, சட்னிக்கு இல்லை. பள்ளிக்கூடம் போச்சே என்று ‘வகுப்பு’ என்று எழுதிவிட்டு, அதிலும் ‘ப்பு’ இருப்பதைப் பக்கத்துப் பிள்ளை பிடித்துவிடும். பிறகுதான் வேட்டை ஆரம்பம். ‘போனான்’ ஆகாது, ‘சென்றான்’ ஆகும். ‘பார்த்தான்’ கண்டானாகவும், ‘சாப்பிட்டான்’ தின்றானாகவும் மாறும். ‘காகம்’ கூடாது, ஆனால் ‘காகத்தை’ என்றால் தப்பித்துக்கொள்ளும். மகரம் வேற்றுமை உருபு ஏற்கும்போது அத்துச் சாரியை பெறும் என்பதை மதிப்பெண்ணுக்கு ஒப்பிக்கிற அதே பிள்ளை, இங்கே அதைத் தானே கண்டுபிடித்துவிட்டுத் துள்ளும். கிடைக்கிற கதை இப்படி இருக்கும்:

“தாத்தா சந்தைக்குச் சென்றார். சந்தை நடுவே ஒரு யானை நின்றது. ‘தாத்தா, கரண்டி இருக்கா?’ என்று கேட்டது. ‘எதற்கு?’ என்றார் தாத்தா. ‘காதைச் சொறியத்தான்’ என்றது யானை.”

‘நான் முதலமைச்சரானால்’ தலைப்பில் இந்த யானை வந்திருக்காது.

நடத்தும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இருவர் இருவராக உட்காரவையுங்கள். ஒருவர் எழுதியதை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அவருடைய உதட்டையே பார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் சரிபார்த்தால் ‘தாத்தாவும்’, ‘வரும்’ போன்றவற்றின் கடைசி ‘ம்’ தப்பிவிடும், உதடு காட்டிக்கொடுத்துவிடும். மாற்றுச் சொற்களைப் பலகையில் முன்கூட்டியே எழுதிப் போடாதீர்கள், தேடுகிற சுகம் போய்விடும். ஐந்து வரியைப் பத்தாக்கினால் விளையாட்டு வீட்டுப்பாடமாகிவிடும். மூன்றாம் வகுப்புக்குக் கீழே இதை முயலவே வேண்டாம். எழுத்துக் கூட்டுவதே அங்கே போதுமான வேலை.

அடுத்தது சீட்டுக் குலுக்கல். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைச் சீட்டுக்கட்டுச் சீட்டளவில் நாற்பதாக வெட்டிக்கொள்ளுங்கள். இருபதில் உயிருள்ளவை, இருபதில் பொருள்கள். எழுதுவது பிள்ளைகளே. இரண்டு டப்பாவில் போட்டு, ஆளுக்கு ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். ஆமையும் குடையும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே கதை எழுதச் சொல்லக் கூடாது. முதலில் இரண்டு சொல்லையும் உருபு போட்டு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆமைக்குக் குடை: முதுகிலேயே ஓடு இருக்க, எதற்கு? குடைக்குள் ஆமை: மடக்கி வைத்த குடைக்குள் எப்படிப் புகுந்தது? ஆமையின் குடை: அதை விரித்து முடிப்பதற்குள் மழை நின்றுவிடாதா? ஆமையால் குடை: என்ன ஆயிற்று, உடைந்ததா, கிழிந்ததா? யாராவது ஒருவரைச் சிரிக்கவைத்த கேள்வி எதுவோ, அதற்குப் பதிலாகப் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். இப்படி இரண்டு சொற்களை முட்டவிட்டுக் கதை பிறக்கவைக்கும் முறையைப் பரப்பியவர் இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜியானி ரொடாரி. அவரும் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவர். இத்தாலிய மொழியில் பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொற்கள் செய்கிற வேலையை நம்மிடம் வேற்றுமை உருபு செய்துவிடுகிறது.

இதில் எங்கே சறுக்கும் என்றால், சீட்டில். ‘மீனும் வலையும்’ வந்தால் கதை ஏற்கெனவே தெரிந்த கதை. திரும்பப் போட்டுவிட வேண்டும். ‘அன்பு’, ‘ஒற்றுமை’ என்று எழுதிய சீட்டுகளை எடுத்துவிடுங்கள். அவை வந்தால் பிள்ளை பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடும். சினிமா நாயகர்கள் பெயரும் வேண்டாம், பார்த்த படத்தின் கதைதான் வரும். பிடிக்காத சீட்டை ஒரு முறை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை முறையும் மாற்றலாம் என்றால் குலுக்குவதிலேயே நேரம் போய்விடும். ‘எங்கே’, ‘எப்போது’ என்று மூன்றாவது, நான்காவது டப்பாக்களைச் சேர்க்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். நான்கு சீட்டு கையில் இருந்தால் நான்கையும் ஒரே வாக்கியத்தில் திணித்துவிட்டு ‘முடிஞ்சிருச்சு மிஸ்’ என்பார்கள்.

விடுகதையைக் கேட்கத்தான் நாம் பழக்கியிருக்கிறோம், எழுதப் பழக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் இதைப் பிசி என்று சொல்லி, உவமை சேர்ந்தது ஒன்று, கண்ணுக்குத் தோன்றுவதைச் சொல்லிக் குறிப்பால் உணர்த்துவது இன்னொன்று என இரண்டாகப் பிரிக்கிறது. பிள்ளைக்கும் அந்த இரண்டே படிதான். சமையலறையிலிருந்தோ தாழ்வாரத்திலிருந்தோ ஒரு பொருளை எடுக்கச் சொல்லுங்கள். துடைப்பம் என்றால், முதல் முயற்சி ‘நீளமாக இருக்கும், வீட்டைப் பெருக்கும், அது என்ன?’ என்று வரும். ‘பெருக்கும்’ என்ற ஒரு சொல்லிலேயே குட்டு உடைந்துவிட்டது. அந்தப் பொருள் மட்டுமே செய்யும் வேலை எதுவோ, அந்த வினைச்சொல்லை அடித்துவிட வேண்டும். பிறகு, ‘இது ஒரு ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள்?’ என்று கேளுங்கள். “நாள் முழுக்க மூலையில் நிற்பான். விடிந்தால் வீடெல்லாம் நடப்பான். இடுப்பில் கயிறு, தலைமுடி தரையில் புரளும்.” கஷ்டமான குறிப்பு முதலில், எளிதானது கடைசியில். எழுதியவர் ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். முதல் வரியிலேயே விடை வந்துவிட்டால் வரிகளை இடம் மாற்றுங்கள். கடைசி வரையில் ஒருவருக்கும் தெரியாவிட்டால் ஒரு குறிப்பைச் சேருங்கள். தன் எழுத்து வேலை செய்ததா இல்லையா என்பது ஆசிரியர் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆளுக்குக் கொஞ்சம் எழுதி, தாளை மடித்து மடித்துக் கைமாற்றும் தொடர்கதை பலரும் அறிந்ததுதான். ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். ‘திடீரென்று கனவு கலைந்தது’, ‘அவன் செத்துப்போனான்’ இரண்டையும் ஆரம்பத்திலேயே தடை செய்துவிடுங்கள்.

இனி, இத்தனை விளையாட்டையும் ஒரே நாளில் கெடுக்கக்கூடிய இரண்டு பழக்கங்கள். ஒன்று, பேச்சுத் தமிழைக் கண்டதும் சிவப்பு மையை எடுப்பது. பிள்ளைக்குக் கதை தோன்றுவது பேச்சில். ‘எங்கடா போன இவ்வளவு நேரம்?’ என்று மனதில் கேட்கிற அம்மாவை, ‘மகனே, இவ்வளவு நேரம் எங்கே சென்றிருந்தாய்?’ என்று எழுதவைத்தால் அந்த அம்மா வேறு யாரோ ஆகிவிடுகிறார். மேற்கோள் குறிக்குள் யார் எப்படிப் பேசுவார்களோ அப்படியே இருக்கட்டும், வெளியே எழுத்து வழக்கு. இந்த ஒரு விதியை ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். நாகர்கோவில் பாட்டி ஒரு மாதிரியும் கோவை மாமா ஒரு மாதிரியும் பேசுவார்கள் என்பது அதன்பின் தானாகவே கதைக்குள் வரும். ஆறேழு வயது என்றால் பிள்ளை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதித் தரலாம். ஆனால் ‘போயிட்டான்’ என்று சொன்னதைப் ‘போய்விட்டான்’ என்று நைசாக மாற்றக் கூடாது. திரும்பப் படித்துக் காட்டும்போது, இது நான் சொன்னது இல்லையே என்று பிள்ளை விலகிவிடும்.

இரண்டாவது, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்துவது. தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை தனக்கு எழுத வரும் சொல்லுக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும். கொழுக்கட்டைக்கு ழகரமா ளகரமா என்று சந்தேகம் வந்தால் இட்லி என்று எழுதிவிடும். பிழையும் இருக்காது, கொழுக்கட்டையும் இருக்காது. முதல் நாள் பென்சில் பிள்ளை கையில் மட்டும் இருக்கட்டும். மறுநாள், ஒரே வகைப் பிழையை மட்டும், அதிகம் போனால் மூன்று இடத்தில், பென்சிலால் சுழித்துக் காட்டினால் போதும். இந்த வாரம் ல, ள, ழ என்றால் ர, ற அடுத்த வாரம். படித்து முடித்த பிள்ளையிடம் ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு நகராமல், கேட்டவர்கள் ஒவ்வொருவரும் நினைவில் நின்ற ஒரு வரியைத் திருப்பிச் சொல்லட்டும். ‘இதனால் அறியப்படும் நீதி என்ன?’ என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2022 முதல் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வருகின்றன. ஆனால் வீடு வீடாகப் போய்ச் சேர்வது நாளிதழ்தான். தங்கள் சிறுவர் பக்கத்தில் நீதிக்கதைக்கு ஒதுக்கும் இடத்தில் கால்பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுகிறோம். வாரம் இரண்டு சொல் மட்டும் அச்சிடுங்கள், பத்து வரிக்குள் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முதல், இரண்டாம் பரிசு வேண்டாம். பெயர், வகுப்பு, ஊர் போதும். உரையாடலில் வரும் பேச்சு வழக்கில் உதவி ஆசிரியர்கள் கை வைக்காமல் இருந்தால் நல்லது. பெரியவர் எழுதிக் கொடுத்தது எது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அதில் கட்டாயம் ஒரு நீதி இருக்கும்.

முதல் வாரத்துக்கான சொற்களை நாங்களே தருகிறோம்: தபால்காரர், பலாப்பழம்.

இப்படிக்கு,
சிறார் எழுத்துப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.