புத்துப்பட்டு ஐயனாரைக் கும்பிடும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனாருக்கு மொட்டை போடவும் காது குத்தவும் பொங்கல் வைக்கவும் வருகிற எல்லாக் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆடி பிறக்கப்போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து வேனும் காரும் கோயில் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் கோயிலைச் சூழ்ந்து நிற்கிற காட்டைப் பற்றி நமக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

நம்மில் பலருக்கு அது வெறும் நிழல். சமைக்க, சாப்பிட, வண்டி நிறுத்த. ஆனால் அந்த மாதிரிக் காடு சோழமண்டலக் கடற்கரையில் இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் பல, ஐயனாரோ அம்மனோ குடியிருப்பதால் மட்டுமே பிழைத்தவை. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். நம் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வறட்சிதான். அப்படியும் வீரை, பாலை, காயா மரங்கள் தடித்த சின்ன இலைகளோடு சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். காயா பூக்கும் சமயத்தில் போனால் நிமிர்ந்து பாருங்கள். கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப் பூ. ஆழ்வார்கள் கண்ணனின் நிறத்துக்குச் சொன்ன காயாம்பூ அதுதான்.

என் கவலை தரையில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத உள்பக்கத்தில் சருகை லேசாக விலக்கினால், விரல் உயரத்தில் இரண்டிலை, நாலிலைக் கன்றுகள் தெரியும். கொண்டைக்குருவியும் வௌவாலும் மரநாயும் பழம் தின்று போட்ட விதையிலிருந்து வந்தவை. கூட்டம் பாய் விரித்து உட்காருகிற இடத்திலோ மண் மிதிபட்டு இறுகிப்போய், சருகெல்லாம் பெருக்கித் தள்ளப்பட்டு, பார்க்கச் சுத்தமாக இருக்கும். கன்று இருக்காது. மேலே பெரிய மரம் நிற்பதால் காடு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். தாத்தாக்கள் மட்டும் இருந்து பேரப்பிள்ளைகள் இல்லாத வீடு அது.

இதை இப்போது சொல்லக் காரணம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. இன்னும் வரும். ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் வெயில் இறங்கும். கீழே வீரைக் கன்றோ காயாக் கன்றோ காத்திருந்தால் அது எழுந்துகொள்ளும். கன்றே இல்லாத தரையில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் புகுந்துவிடும்.

போனால் போகிறது, நாற்று வாங்கி நட்டுவிடலாமே என்று சிலர் நல்ல மனதோடு கேட்கிறார்கள். சாலையோரத்துக்கு அது சரி. இந்தக் காட்டு மரங்கள் மெதுவாக வளர்பவை, நம் ஆயுளுக்குள் பெரிதாகிவிடாது. இவற்றில் பலவற்றின் விதையை நெல் மாதிரிக் காயவைத்துச் சேமிக்கவும் முடியாது, ஈரம் போனால் முளைப்பும் போய்விடும். பக்கத்து ஆரோவில்லில், பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டில் 1968-க்குப் பிறகு காடு வளர்த்தவர்கள், இந்த மண்ணின் மரங்களுக்கு விதை தேடிப் போனதே இப்படிப்பட்ட கோயில் காடுகளுக்குத்தான். நம்மிடம் இருப்பது தாய்க்காடு. அதற்குள் கடையில் வாங்கிய அலங்காரச் செடியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஆகவே கேட்பது இதுதான். அடுப்பை மரத்தடியில் மூட்டாமல் வெட்டவெளியில் மூட்டுங்கள். விறகை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், காய்ந்த கிளைதானே என்று ஒடிக்க வேண்டாம், கறையானும் மரங்கொத்தியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. வண்டியை ஏற்கெனவே மரமில்லாத இடத்தில் விட்டுவிட்டு நாலு எட்டு நடக்கலாம். வயதானவர்களை இறக்கிவிட்டால் போதும். வேண்டுதலுக்குத் தொட்டில் கட்டுபவர்கள் பருத்தித் துணியில் கட்டுங்கள். நைலான் கயிறு வருடக்கணக்கில் இற்றுப்போகாது, கிளை பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும். அப்புறம் அந்தப் பெரிய கொடிகள். ஊஞ்சல் மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள், வழியை மறைக்கிறதென்று வெட்டவும் வேண்டாம். மரத்துக்கு மரம் அவற்றின் வழியாகத்தான் சிற்றுயிர்கள் போய்வருகின்றன.

நன்கொடை தரும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மண்டபமும் சிமெண்டுத் தரையும் போட்டுத் தருவது கைங்கரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற இடத்துக்குள் அது அடங்கட்டும், புதிதாக ஓர் அடிகூடக் காட்டுக்குள் போக வேண்டாம். அதே பணத்தில், தரை வெறுமையாகிப்போன ஒரு பகுதியைச் சுற்றி மூங்கில் வேலி போட்டுத் தாருங்கள். ஆளும் ஆடும் மிதிக்காமல், யாரும் பெருக்காமல் நாலைந்து மழைக்காலம் விட்டுவைத்தால் கன்றுகள் தாமாகவே வரத் தொடங்கும்.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் கோயில் காட்டுக்கும் அது கிடைத்தது. ஐந்து ஹெக்டேர்கூட இல்லை, பாருங்கள். நம் காட்டுக்கும் கேட்கலாம். ஆகஸ்ட் 15 கிராம சபை ஆடி முடிகிற சமயத்தில்தான் வருகிறது. ஊரில் ஓட்டு உள்ள பங்காளிகள் அதில் தீர்மானம் கொண்டுவாருங்கள். வெளியூரில் இருக்கிற நாங்கள் மனுவில் கையெழுத்துப் போடுகிறோம், வேலிச் செலவிலும் பங்கு தருகிறோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்