உன் கடைக் கணினிக்கு ஜாவா

அல்சூர், பெங்களூரு

அன்பு மாப்ள,

உன் கடிதமும், திரையைப் படம் பிடித்து அனுப்பியதும் கிடைத்தன. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் அம்மாவுக்கு நிம்மதி. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயிலில் விடாதே. நாங்கள் ஏரிப் பக்கமே வீடு மாறிவிட்டோம். தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் அப்பாவுக்கு நூலகத்தில் பொழுது போய்விடுகிறது.

சரி, கணினிக்கு வருகிறேன். ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் திறக்கவில்லை என்றதும், கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்களாமே. வாங்காதே மாப்ள. படத்தின் கடைசி வரியைப் பார். மென்பொருளின் பதிப்பு எண் 61.0, கணினியில் உள்ள ஜாவாவுக்கு 55.0 வரைதான் புரியும் என்கிறது. ஜாவா என்பது இந்த மாதிரி மென்பொருளை ஓடவைக்கும் அடித்தள மென்பொருள். அந்த எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வந்துவிடும். கேட்பது ஜாவா 17, உன்னிடம் இருப்பது 11. உன் கணினியின் இயங்குதளமான உபுண்டு 22.04இல் பதிப்பு சொல்லாமல் ஜாவா போட்டால் 11தான் வரும். கணினியில் ஒரு கோளாறும் இல்லை.

கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திற. ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி, முன்னால் வரும் சூடோ அதற்கு நிர்வாகி அனுமதி தருவது. முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. அப்புறம் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்ஜேடிகே-17-ஜேஆர்இ'. எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. பயப்படாமல் தட்டிவிட்டு என்டர் அழுத்து. ஹெட்லெஸ் என்று முடிகிற ஒன்றும் கண்ணில் படும், அது சர்வருக்கானது. ஜன்னல் திறந்து வேலை பார்க்கும் உன் மென்பொருளுக்கு ஆகாது.

பழைய 11ஐ அழிக்க வேண்டாம், இரண்டும் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் தானே 17க்கு மாறிவிடும். 'ஜாவா -வெர்ஷன்' என்று கேட்டுப் பார். இன்னும் 11 என்றே சொன்னால் 'சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா' கொடு. ஒரு பட்டியல் வரும், நடப்பில் உள்ளதற்கு நேரே நட்சத்திரக் குறி இருக்கும். 17க்கு உரிய எண்ணைத் தட்டு, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேடி எடுத்து ஏதோ ஒரு தளத்திலிருந்து ஜாவாவை இறக்காதே. ஆப்ட் வழியாக வருவது உபுண்டுவின் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே உள்ளே வரும். பின்னால் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மற்ற அப்டேட்டுகளோடு இதுவும் சேர்ந்து வரும். கையால் இறக்கி வைத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வருடக்கணக்கில் ஓட்டையோடு கிடக்கும். வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. உன் கடைக் கணக்கு முழுவதும் அதில்தானே இருக்கிறது!

கடைக்குப் பயன்படுத்தினால் காசு கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் 2006இல் அதை, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விடும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிடுவதாக அறிவித்தது. நீ போடப்போகும் ஓப்பன்ஜேடிகே அந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம், மெதுவாக இருக்கிறது என்றாயே, அதற்கு ரேம், அதாவது கணினியின் நினைவகம், கூட்டிப் பார்க்கலாம். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்று தெரிந்தால், இங்கே கணினி பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கிவைத்து, பொங்கலுக்கு வரும்போது நானே மாட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அல்சூர் மாப்ள