கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்: வீடு கிடைத்த பிறகும் தீராத இடப்பெயர்வு

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலையில் தாயையும் கரையோர வீட்டையும் இழந்து, பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்புக்கு மாறிய மீனவன் நான். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்துக்கு அஞ்சி வெளியேறியவர்களைப் பார்த்தபின், இடம்பெயர்ந்தவர்களின் மனநலம் பற்றி இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புது வீட்டுக்கு வந்தபின் பல ஆண்டுகள் நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அன்று அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு மீன் ஏலத்துக்குப் போனவன் நான் என்பதால், அந்தச் சாவுக்கு நானே காரணம் என்று நம்பியிருந்தேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு உறக்கம் அடியோடு போனது. அப்போதுதான் மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கிருந்த உளவியலாளர் எனக்கு அளித்தது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது நம் எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை, என்பது பின்னர்தான் தெரிந்தது. அவர் ஆறுதல் சொல்லவில்லை. அந்த நினைப்பை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, அதற்குச் சான்று எது, எதிர்ச்சான்று எது என்று வழக்கு விசாரிப்பதுபோலக் கேட்டார். நம் நாட்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமே 2007இல்தான் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. அரசே அறியாத அலையை ஏலத்தில் நின்றவன் எப்படி அறிந்திருப்பான் என்று என் கையாலேயே எழுதினேன். துக்கம் போகவில்லை, குற்ற உணர்வு தளர்ந்தது. பிறகு தெருமுனை, சவுக்குத் தோப்பு, மணல் எனப் படிப்படியாக நடக்க வைத்தார். ஒவ்வோர் இடத்திலும் படபடப்பு தணியும் வரை திரும்பக் கூடாது என்பது நிபந்தனை.

14416 என்ற மனநல உதவி எண் இருப்பதை அறிவேன். ஆனால் என் மாமாவைப் போன்றவர்கள், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுப் போனை வைத்துவிடுவார்கள். வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலரிடமோ மனம்விட்டுப் பேசுவார்கள். மனநல மருத்துவர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று, ஐந்தே அமர்வுகளில் வழங்கக்கூடிய முறையொன்றை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்டிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மேற்பார்வையில் இந்தத் தன்னார்வலர்களுக்கு அந்தப் பயிற்சியை அளிக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பட்டா கிடைக்காதவரிடமும் படகை இழந்தவரிடமும், "உங்கள் கவலை வெறும் எண்ணம்தான்" என்று சொல்வது சிகிச்சை ஆகாது. அது கோரிக்கை மனுவைத் தட்டிக்கழிக்கும் இன்னொரு வழியாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் நிவாரண முகாம்களின் பட்டியல் தயாராகும்போது, ஒவ்வொரு முகாமுக்கும் இவ்வாறு பயிற்சி பெற்ற ஒருவரையும் நியமிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினத்திலிருந்து இடம் மாறிய மீனவன்