பாஸ்போர்ட்டை மாற்றுவதற்கு முன்னால்

குத்தாலம்
ஐப்பசி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கமும் பையனைப் பற்றித்தான், உன்னைப் பற்றி ஒரு வரி கிடையாது, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்றுகூடத் தெரியவில்லை. சரி, பையனைப் பள்ளிக்கூடத்து ரக்பி ஃபர்ஸ்ட் ஃபிஃப்டீன், அதாவது முதல் பதினைந்து பேர் அணியில் எடுத்துவிட்டார்கள் என்றால் உனக்குத் தலைகால் புரியாதுதான். நியூசிலாந்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். பி.டி. மாஸ்டர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் ஆட்டம் பார்க்கிற புத்தி இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவன் நாளைக்கு எந்த நாட்டுக்கு ஆடலாம் என்று முதல் பக்கத்தில் கேட்டிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், குடும்பத்தோடு நியூசிலாந்துக் குடியுரிமைக்கு எழுதிப் போடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி எழுதியிருக்கிறாய். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அறுவடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உலக ரக்பி அமைப்பின் விதி பாஸ்போர்ட்டைக் கேட்பதே இல்லை. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ யாராவது ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் தொடர்ந்து 60 மாதம் அந்த நாட்டு ரக்பி சங்கத்தில் மட்டுமே பதிவாகியிருக்க வேண்டும், அல்லது விட்டு விட்டு மொத்தம் 10 வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று போதும். முன்னாலெல்லாம் 36 மாதம் குடியிருந்தாலே போதும், பணக்கார நாடுகள் ஆளை இழுத்துக்கொண்டு போகின்றன என்று கூச்சல் வந்த பிறகு 60 ஆக்கினார்கள். ஆக, தஞ்சாவூரில் பிறந்த உன் மகன் பிறப்பால் இந்தியாவுக்கு ஆடலாம். ஒன்பது வயதிலிருந்து அங்கேயே இருந்து ஆடுவதால் 60 மாதப் பதிவு இருந்தால் நியூசிலாந்துக்கும் ஆடலாம். ஆல் பிளாக்ஸ் என்கிற நியூசிலாந்து தேசிய அணியின் கருப்பு ஜெர்சி போட அந்த நாட்டு பாஸ்போர்ட் தேவையில்லை, மாப்ளே. இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

ஜப்பான் ரக்பி அணிக்குக் கேப்டனாக இருந்த மைக்கேல் லீச் என்ற பெயர் உனக்குத் தெரியாமல் இருக்காது. நீ இருக்கிற நாட்டில், கிறைஸ்ட்சர்ச்சில் 1988இல் பிறந்தவன், அம்மா ஃபிஜிக்காரர். பதினைந்து வயதில் ஜப்பானுக்குப் படிக்கப் போனான், சப்போரோ யமனோத்தே உயர்நிலைப் பள்ளி. அப்புறம் டோக்காய் பல்கலைக்கழகம். 2008இல், இருபது வயதில், ஜப்பான் அணி. அப்போது இருந்த 36 மாதக் கணக்கைப் பார், ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் மூன்று வருஷம்தான். மொழி தெரியாமல் போய் இறங்கிய பையன் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் கால் வைக்கும்போதே அந்த நாட்டுக்கு ஆடத் தகுதி வந்துவிடுகிறது. 2013இல் ஜப்பான் குடிமகனாகவும் ஆகிவிட்டான். அவன் விஷயத்தில் ஜெர்சி முதலில் வந்தது, பாஸ்போர்ட் ஐந்து வருஷம் கழித்து.

2015 உலகக் கோப்பையில் பிரைட்டனில் அவன் செய்ததை நான் பிறகு எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதுவரை உலகக் கோப்பையில் ஜப்பான் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1991இல் ஜிம்பாப்வேயிடம். எதிரே இரண்டு முறை கோப்பை எடுத்த தென்னாப்பிரிக்கா. கடைசி நேரம், 32க்கு 29 பின்தங்கியிருக்கிறார்கள், பெனால்ட்டி கிடைக்கிறது. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன், அதுவே பெரிய சாதனை. மேலே உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் எட்டி ஜோன்ஸும் மூன்று புள்ளியைத்தான் எடுக்கச் சொன்னார். லீச் ஸ்க்ரம் கேட்டான், அதாவது இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போராடுவது. கொஞ்ச நேரத்தில் பந்து இடது மூலைக்குப் போய், கார்ன் ஹெஸ்கத் பந்தோடு கோட்டைத் தாண்டிப் பாய்ந்து விழுந்தான், ஐந்து புள்ளி, 34க்கு 32. ஹெஸ்கத்தும் நியூசிலாந்தில் பிறந்தவன்தான். அன்றைக்கு ஜப்பான் முழுக்க அழுதார்கள், சிரித்தார்கள், யாரும் அவர்கள் எங்கே பிறந்தார்கள் என்று கேட்கவில்லை.

கேட்கிறவர்கள் அப்புறம் வருவார்கள். ஜப்பான் லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, ஜப்பானுக்கு ஆடத் தகுதி உள்ளவர்களை அதில் சேர்ப்பதில்லை. 2026-27 சீசனிலிருந்து அந்தத் தகுதிக்காரர்களையே இரண்டாகப் பிரிப்பதாக 2025இல் அறிவித்தார்கள், கட்டாயக் கல்வியில் ஆறு வருஷமாவது ஜப்பானில் படித்திருந்தால் முதல் பிரிவு. ஆனால் அங்கே கட்டாயக் கல்வி ஒன்பதாவதோடு முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளிக்கு என்று வந்து, படித்து, ஆடி, கல்யாணம் செய்து, குடியுரிமையும் வாங்கியவன் அந்த முதல் பிரிவுக் கணக்கில் வரமாட்டான். நாட்டுக்காக நிறைய ஆட்டம் ஆடியவர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்கிற வாதம் புரிகிறது, அதற்கு இதுதான் வழியா?

எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பக்கம் நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருவது உனக்குத் தெரியும், நம் ஆட்கள் நூறு நாள் வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அப்படி வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போகாமல் அரிசி மில் பக்கத்தில் தங்கிவிட்டது. பையன் மூன்றாவதிலிருந்து நம்மூர்ப் பள்ளிக்கூடம், இப்போது பிளஸ் ஒன். வீட்டில் வங்காளம், வெளியில் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ். கபடி பாடப் போனால் பார்க்க வேண்டும் நீ. போனஸ் கோட்டுக்கு இடது காலை நீட்டுவான், மூலையில் நிற்கிறவன் கணுக்காலுக்குப் பாய்வான், அதற்குள் இடுப்பைத் திருப்பிக்கொண்டு அவன் முதுகிலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடுக்கோட்டுக்கு வந்துவிடுவான். மூச்சு வாங்குவதே தெரியாது.

போன திருவிழாவுக்குப் பக்கத்து ஊரில் மின்னொளி கபடி, 55 கிலோ. நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள், வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை, ஆதார் கட்டாயம் என்று. எடை எல்லாம் சரியாக இருந்தது. கமிட்டிக்காரர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா முர்ஷிதாபாத்னு இருக்கு, வெஸ்ட் பெங்கால்லேர்ந்து ஆள எறக்குறீங்களா" என்றார். பையன் கலங்கவில்லை. "அட்டையிலதாண்ணே பெங்கால், நான் மூணாவதுலேர்ந்து இங்கதான் படிக்கிறேன்" என்றான். நான் பள்ளிக்கூடத்தில் போனஃபைட் வாங்கிக் கையில் வைத்திருந்தேன், நீட்டினேன். அதெல்லாம் செல்லாது, விதி விதிதான் என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் எதிர் அணி கேப்டனே வந்து, "எங்க கூடதாண்ணே டியூஷன் படிக்கிறான், விடுங்க, அவன் இல்லாம ஜெயிச்சா எங்களுக்குத்தான் அசிங்கம்" என்று சொன்ன பிறகுதான் பேரை எழுதினார்கள். அரையிறுதியில் தோற்றுவிட்டோம், அது வேறு கதை. அந்த கேப்டன் பையனுக்கு இருந்த நிதானம் பெரிய பெரிய அமைப்புகளுக்கு இல்லை.

கால்பந்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலுக்கும் ஒரே பாஸ்போர்ட் என்பதால் யார் எந்த அணி என்று குழப்பம். பதினெட்டு வயதுக்குள் ஐந்து வருஷம் அங்கே பள்ளிக்கூடம் போயிருந்தால் அந்த அணிக்கு ஆடலாம் என்று வைத்திருக்கிறார்கள். அப்பன் பாட்டன் எங்கே பிறந்தாலும் சரி.

நீ போன வருஷம் ஃபிஜியில் நாடி ஊர் முருகன் கோயில் முன்னால் நின்று போட்டோ அனுப்பினாயே, அந்த நாடியில் பிறந்தவன்தான் செவு ரீஸ். நியூசிலாந்தின் ஹாமில்டன் ஆண்கள் பள்ளி உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டது, படிக்கப் போனவன் 2019இல் ஆல் பிளாக்ஸுக்கு ஆடினான். அந்தக் கோயிலைக் கட்டிய ஜனங்களும் கரும்புத் தோட்டத்துக்கு என்று 1903லிருந்து மதராஸிலிருந்து கப்பல் ஏறியவர்களின் வம்சம். அவர்களில் எவனுக்காவது பாட்டி தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்திருந்தால், ரக்பி விதிப்படி அவன் இந்தியாவுக்கு ஆடலாம். ஆனால் ஆட முடியாது.

ஏனென்றால் நம் அரசாங்கத்தின் விதி வேறு. 2008இல் முடிவாகச் சொல்லிவிட்டார்கள், இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம் வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை எல்லாம் விசா இல்லாமல் வந்துபோகத்தான், ஆட உதவாது. இரட்டைக் குடியுரிமையும் நமக்குக் கிடையாது. கால்பந்தில் இசுமி அராத்தா ஜப்பான் குடியுரிமையையே விட்டுவிட்டுத்தான் இந்தியாவுக்கு ஆட முடிந்தது, அவன் அப்பா இந்தியர்.

இப்போது கணக்குப் போட்டுப் பார். பையன் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்தால் இரண்டு கதவும் திறந்திருக்கிறது. நியூசிலாந்து பாஸ்போர்ட் வாங்கினால் அந்தப் பக்கம் புதிதாக எதுவும் திறக்கப் போவதில்லை, இந்தப் பக்கம் மூடிவிடும். ஒரே ஒரு விஷயத்தில் மாறும், ஒலிம்பிக்கில் ஏழு பேர் ரக்பிக்கு அந்தந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். அந்த அளவுக்கு வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளட்டுமே. நீயும் தங்கச்சியும் வாங்கிக்கொள்ளுங்கள், அவனை மட்டும் பதினெட்டு முடிந்து அவனே யோசிக்கும்வரை விடு. அங்கே 20 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடினாலும், வேறு நாட்டுக்கு ஆட முடியாதபடி பூட்டு விழாது, பயப்படாதே. சீனியர் அணியில் இறங்கினால்தான் விழும். அதற்கும் இப்போது சாவி வைத்திருக்கிறார்கள், மூன்று வருஷம் எந்த நாட்டுக்கும் ஆடாமல் இருந்தால், தானோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒரு தடவை மாறலாம். ஆல் பிளாக்ஸுக்கு ஆடிய மலக்காய் ஃபெக்கிட்டோவா 2022இல் டோங்காவுக்கு ஆடினான் அல்லவா, இப்படித்தான்.

உண்மையைச் சொன்னால், ஆல் பிளாக்ஸ் என்பது லட்சத்தில் ஒருத்தனுக்கு. இந்திய அணியோ இன்னும் ஒரு உலகக் கோப்பை பார்க்காத அணி. கல்கத்தாவில் ஒரு கிளப் கலைந்தபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879லிருந்து மோதிக்கொண்டிருக்கின்றன, அந்தக் காசு புழங்கிய நாட்டில் ஆட்டம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது லேசாக அசைவு தெரிகிறது. 2025இல் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது, சென்னை புல்ஸ்தான் ஜெயித்தது. உன் பையன் மாதிரி அங்கே பள்ளியில் அடிப்படை கற்றவன் வந்தால் இங்கே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கவாவது ஆகும். நான் சுயநலமாகப் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இங்கே குறுவை அறுப்பு பாதி முடிந்தது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மிஷின் வயலில் இறங்க மாட்டேன் என்கிறது, கொள்முதலில் 17 விழுக்காடு ஈரத்துக்கு மேல் வாங்குவதில்லை, ரோட்டில் காயப்போட்ட நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடுவதும் எடுப்பதுமாகப் பொழுது போகிறது. உன் அண்ணன் சம்பாவுக்கு நாற்று விட்டுவிட்டார். அம்மாவுக்கு முட்டி வலிதான், மற்றபடி தெம்பாக இருக்கிறார்கள், நீ வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு நாள் அதையே பேசுகிறார்கள்.

தை மாதம் வரும்போது ஒரு ரக்பி பந்து வாங்கி வா, பழசானாலும் பரவாயில்லை, காற்றை இறக்கிவிட்டால் பெட்டியில் இடம் அடைக்காது. அந்த வங்காளத்துப் பையனுக்கு ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. விண்ணப்பத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டாயா என்பதை மட்டும் உடனே எழுது.

உன் மச்சான்