எங்கள் கட்டடத்துக்குள் இரண்டாவது இணைய நிறுவனம் வர வழிசெய்யக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்.

அனுப்புநர்:
அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு வீட்டு இணைய வாடிக்கையாளர்.

பொருள்: வீட்டு பிராட்பேண்ட் வேகக் குறைவு, அதிகக் கட்டணம், வேறு நிறுவனத்துக்கு மாற முடியாத நிலை – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். மாலை 6 மணியிலிருந்து 9 மணிவரை வகுப்பு. சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் நெட் படுத்துவிடுகிறது. ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியிருப்பேன், "மிஸ், உங்க குரல் கேக்கல" என்று ஒரு பிள்ளை சாட்டில் எழுதும், அடுத்த நிமிஷம் இன்னொரு பிள்ளை, அப்புறம் எல்லாரும். நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன், அவர்களுக்கு என் முகம் அசையாமல் நின்றிருக்கும். திரும்ப இணைத்து முதலிலிருந்து சொல்லித்தருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதைத் தனிப்பட்ட புகாராக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புகார் எல்லாம் நிறுவனத்திடம் கொடுத்தாயிற்று. உங்களுக்கு எழுதக் காரணம் வேறு: இந்த நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் நான் போவதற்கு இன்னொரு நிறுவனம் இல்லை. அதை உங்கள் ஆணையம்தான் மாற்ற முடியும்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பணம் கட்டுவது "100 எம்பிபிஎஸ் வரை" என்ற பிளானுக்கு. அந்த "வரை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நிறுவனம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறது. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, நாம் ஃபைல் அளவைப் பார்ப்பது மெகாபைட்டில், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 என்பது முழுசாக வந்தாலே நொடிக்கு 12.5 மெகாபைட்தான். விளம்பரத்தில் இதை யாரும் விளக்குவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அப்லோடு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் 100 டவுன்லோடுக்கு மட்டும். அப்லோடு வெறும் 5 என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. படம் பார்ப்பவர்களுக்கு அது உறுத்தாது. பாடம் நடத்துபவர், டாக்டரிடம் வீடியோவில் பேசுபவர், வீட்டிலிருந்து ஆபீஸ் கூட்டத்தில் உட்காருபவர், இவர்களுக்கெல்லாம் அப்லோடுதான் உயிர். என் குரலும் முகமும் வெளியே போகிற வழி அது.

எங்களுடையது டிவி கேபிள் வழியாக வரும் இணைப்பு. இந்த வகையில் அப்லோடுக்கு ஒதுக்கும் அலைவரிசை ஆரம்பத்திலிருந்தே குறுகலானது, அத்தோடு ஒரு பகுதியின் வீடுகள் எல்லாம் ஒரே முனையிலிருந்து வரும் கொள்ளளவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. காலை 6 மணிக்குச் சோதித்தால் கிட்டத்தட்ட சொன்ன வேகம் வருகிறது. இரவு 8 மணிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நாட்கள் உண்டு. இதற்கு என் ரூட்டர் காரணமில்லை. வைஃபையை அணைத்துவிட்டு லேன் கேபிளை நேரே மோடத்தில் செருகித்தான் சோதித்தேன், மூன்று வாரம் தினமும் நோட்டில் எழுதினேன். நிறுவனத்தின் சொந்த ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தில் மட்டும் எப்போதும் எண் அழகாக இருக்கும், ஏனென்றால் அந்தச் சோதனை அவர்கள் வலையமைப்புக்கு உள்ளேயே போய்த் திரும்புகிறது. வெளியே இருக்கும் சர்வரில் சோதித்தால்தான் உண்மை நிலவரம் தெரிகிறது. வேகத்தைவிட மோசமானது தாமதம். நெரிசல் நேரத்தில் சமிக்ஞை போய்வரும் நேரம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குகிறது, குரல் துண்டு துண்டாக உடைவது அதனால்தான்.

ஃபைபர் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். ஃபைபர் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீடுகளுக்கு வரும் ஃபைபரிலும் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் (2,500 எம்பிபிஎஸ்) ஒரு இழையில் வந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எத்தனை வீட்டை ஒரு இழையில் சேர்ப்பது, மேலே எவ்வளவு கொள்ளளவு வாங்கி வைப்பது என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் ஓடிப்போக முடியாத இடத்தில் அந்தச் செலவை ஏன் செய்யப்போகிறார்கள்?

புகார் செய்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு முறை கஸ்டமர் கேருக்குப் பேசினேன். ஏழு முறையும் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ஏழு புகார் எண்கள் வந்தன, ஏழுக்கும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது, நாலு முறை வீட்டுக்கு யாரும் வராமலே. வந்த டெக்னீஷியன் ஒருவர் நல்ல மனிதர், "லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லைம்மா, இந்தத் தெருவுல கனெக்ஷன் ஜாஸ்தி ஆயிடுச்சு, மேல பெரிசு பண்ணாத்தான் சரியாகும்" என்று உள்ளதைச் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கட்டணம். இதுதான் என்னை இந்த மனுவை எழுதவைத்தது. என் தோழி ஒரு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அவள் தெருவில் போன வருஷம் இரண்டாவதாக ஒரு நிறுவனம் ஃபைபர் போட்டது. போட்ட இரண்டே மாதத்தில், எங்கள் இருவருக்கும் இணைப்பு கொடுக்கும் அதே நிறுவனம் அவள் கட்டணத்தைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்து, வேகத்தையும் கூட்டி, மோடம் வாடகையையும் எடுத்துவிட்டது. அவள் கேட்கக்கூட இல்லை. என் பில்லைக் காட்டி இதே சலுகையை எனக்கும் தாருங்கள் என்று கேட்டேன், "உங்கள் பகுதிக்கு அந்த ஆஃபர் இல்லை" என்றார்கள். ஒரே நிறுவனம், ஒரே வகைக் கேபிள், நடந்தால் ஐந்து நிமிஷ தூரம். கேபிள் போட்ட செலவும் பராமரிப்புச் செலவும்தான் கட்டணத்துக்குக் காரணம் என்றால் இரண்டு தெருவுக்கும் ஒரே கட்டணம்தானே வர வேண்டும்? எங்களிடம் வாங்கும் கூடுதல் பணம், எங்களுக்கு வேறு வழி இல்லை என்பதற்காக வாங்கும் பணம். வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த இரண்டாவது நிறுவனத்திடமே இணைப்பு கேட்கலாம் என்று போனேன். அதிகாரபூர்வ இணைய வரைபடத்தில் எங்கள் பகுதிக்கு "இரண்டு நிறுவனங்கள்" என்றுதான் போட்டிருக்கிறது. விலாசத்தைச் சொன்னதும், லைன் தெருமுனையில் நிற்கிறது, உங்கள் கட்டடத்துக்குள் வர எங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். விசாரித்தபோது தெரிந்தது: கட்டட நிர்வாகம் பல வருஷத்துக்கு முன்பே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, கேபிள் போகும் குழாயும் மாடிப்படி ஓரத்துப் பெட்டியும் அவர்களுக்கு மட்டும் என்று. குடியிருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தைப் பார்க்கவும் விடவில்லை. ஆக வரைபடத்தில் எனக்குப் போட்டி இருக்கிறது, வீட்டில் இல்லை.

இந்த வரைபடக் கோளாறு புதிது அல்ல. அமெரிக்காவில் பல வருஷம் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதியில் ஒரே ஒரு இடத்துக்கு இணைப்புத் தர முடிந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் சேவை இருப்பதாகவே எண்ணிவந்தார்கள். கட்டடம் கட்டடமாகப் பார்க்கும் வரைபடத்தை 2022-ல்தான் வெளியிட்டார்கள். கட்டட உரிமையாளர் ஒரே ஒரு இணைய நிறுவனத்தோடு மட்டும் வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களை அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்ததும் அதே 2022-ல். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் போட்ட உத்தரவில், ஏற்கெனவே இருக்கும் குழாய்களையும் கம்பங்களையும் நியாயமான விலையில் மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது. ஃபைபர் இழை விலை அதிகமில்லை, பள்ளம் தோண்டி மூடுவதில்தான் செலவின் பெரும்பகுதி போகிறது. முதலில் தோண்டியவர் அந்தக் குழாயைப் பூட்டிவைத்துக்கொண்டால் அடுத்தவர் வரவே முடியாது.

இதைவிட ஒரு படி மேலே போன ஊர்களும் உண்டு. ஸ்டாக்ஹோம் நகராட்சி 1994-ல் ஸ்டோகாப் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கி நகரம் முழுக்க ஃபைபர் போட்டது. அது வீடுகளுக்கு நேரடியாக இணையம் விற்பதில்லை, இழையை மட்டும் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. நியூசிலாந்தில் 2011-ல் பெரிய தொலைபேசி நிறுவனத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்: கேபிளை வைத்திருக்கும் நிறுவனம் தனி, வாடிக்கையாளருக்குச் சேவை விற்கும் நிறுவனம் தனி. வீட்டுக்கு வரும் லைன் ஒன்றே, அதன்மேல் யாரிடம் சேவை வாங்குவது என்பது வீட்டுக்காரர் விருப்பம். எனக்கு இதுதான் சரியான வழியாகத் தெரிகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு நிறுவனம் நாலு கேபிள் இழுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எனவே ஆணையத்திடம் நான் முதலாவதாகக் கேட்பது: கட்டடங்களுக்குள் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உரிமை கொடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று உத்தரவிடுங்கள், இனிமேல் போடுவதற்கு மட்டுமல்ல, ஏற்கெனவே போட்டதற்கும் சேர்த்து. இது ஒன்றை மட்டும் செய்தாலும் என்னைப் போன்ற ஏராளமான குடும்பங்களுக்கு வழி திறக்கும். இதற்குப் பள்ளம் தோண்ட வேண்டாம், பணம் ஒதுக்க வேண்டாம், ஓர் உத்தரவு போதும். அடுத்து, குழாய்களையும் கம்பங்களையும் ஆணையம் நிர்ணயிக்கும் வாடகையில் மற்ற நிறுவனங்களுக்குத் திறக்கச் சொல்லுங்கள். லைனையும் சேவையையும் பிரிப்பது நாள் பிடிக்கும் வேலை என்று எனக்கும் தெரியும், அதற்கான விசாரணையையாவது இந்த ஆண்டே தொடங்குங்கள்.

இதற்கிடையில் சின்னச் சின்னதாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. "வரை" என்று விற்பதை நிறுத்தி, இரவு நெரிசல் நேரத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு வரும் என்று டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதித்தரச் சொல்லுங்கள். அது வராவிட்டால் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும். பிரிட்டனில் 2019-லிருந்து, அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள், இணைப்பு அறுந்து இரண்டு முழு வேலை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளர் கேட்காமலே நஷ்ட ஈட்டை வரவு வைக்கின்றன. 2024-லிருந்து அங்கே நிறுவனம் மாற விரும்புபவர் புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும், பழையதை நிறுத்தும் வேலையைப் புதிய நிறுவனமே பார்த்துக்கொள்ளும். இங்கே நான் இணைப்பை நிறுத்த முடியுமா என்று கேட்பதற்கே நாற்பது நிமிஷம் போனில் காத்திருந்தேன்.

நிறுவனங்கள் உங்களிடம் இரண்டு விஷயம் சொல்லும் என்று நினைக்கிறேன். மொபைல் நெட் இருக்கிறதே, அதுவும் போட்டிதானே என்பது ஒன்று. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வகுப்பு நடத்திப் பார்த்துவிட்டேன், மாதத்தின் டேட்டா வரம்பு ஒரு வாரத்தில் தீர்ந்தது, வீட்டின் உள்ளறையில் சிக்னலும் நிற்கவில்லை. கடைசி வழியாக அது உதவும், வீட்டு லைனுக்கு மாற்றாகாது. இன்னொன்று, நாங்கள் முதலீடு போட்டிருக்கிறோம் என்பது. போட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை, அதற்கு நியாயமான வருமானமும் வர வேண்டும். அதற்காகத்தான் குழாயை இலவசமாகத் திறக்கச் சொல்லாமல் வாடகைக்குத் திறக்கச் சொல்கிறேன். ஆனால் முதலீட்டைக் காரணம் காட்டி எங்கள் தெருவில் முழுக் கட்டணமும் பக்கத்துத் தெருவில் பாதிக் கட்டணமும் வாங்குவதை எப்படி ஏற்பது?

மூன்று வாரத்து வேகக் குறிப்பு, ஏழு புகார் எண்கள், என்னுடைய பில், தோழியின் சம்மதத்தோடு அவளுடைய பில், இந்த நாலின் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளேன், இந்தக் கட்டடத்தில் இருபத்தாறு குடும்பங்கள் போட்ட கையெழுத்துத் தாளும் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் ஒப்பந்தத்தை ஆணையமே கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கோருகிறேன். விசாரணைக்கு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன், மாலை 6 மணிக்கு முன்னால் மட்டும் வைத்தால் நல்லது, பிள்ளைகளின் வகுப்பை இன்னொரு நாள் விட எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு கணக்கு ஆசிரியை

இணைப்பு: மேற்குறிப்பிட்ட நகல்கள், கையெழுத்துத் தாள்